அறுந்த இழை எங்கே வளரும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நரம்பைப் பற்றியவை. இருபத்தாறு வருடம் எலியின் தொடை நரம்பை நசுக்கிவிட்டு, அது திரும்ப வளர்வதை அளந்துகொண்டிருந்தவள் நான். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல, ஆய்வகத்தில் இருந்தவள். அதனால் மருந்தின் அளவைக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. மற்றதைத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

பல்லியின் வால் அறுந்தால் மறுபடி வளர்கிறது. மனிதனுக்கு முதுகில் அடிபட்டால் மட்டும் ஏன் கால் திரும்ப வருவதில்லை?
– 7ஆம் வகுப்பு மாணவர், சிவகங்கை

தம்பி, வால் அறுந்து வளர்ந்த பல்லி கண்ணில் பட்டால் அந்தப் புது வாலைக் கொஞ்சம் உற்றுப் பார். நிறமும் செதிலும் பழைய வாலைப் போல இருக்காது. உள்ளே இன்னும் பெரிய வித்தியாசம் உண்டு. பழைய வாலில் எலும்புகள் கண்ணி கண்ணியாக இருக்கும். புது வாலில் இருப்பது நீளமான ஒரே குருத்தெலும்புக் குழாய். அதற்குள் தண்டுவடம் மாதிரி ஒன்று வளர்கிறது, ஆனால் அதில் புதிய நரம்பணுக்கள் ஏறக்குறைய கிடையாது. புது வாலை ஆட்டும் நரம்புகள் எல்லாம் மிச்சமிருந்த பழைய பகுதியிலிருந்து நீண்டு வந்தவை.

இதைவிடக் கெட்டிக்காரன் மீன்தொட்டிக் கடையில் விற்கிற ஜீப்ரா மீன். அதன் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி நீந்தும். நரம்பணுக்களைச் சுற்றியிருக்கும் துணை அணுக்கள் அங்கே வெட்டின் இரண்டு பக்கமும் நீண்டு ஒரு பாலம் போடுகின்றன. நம் உடம்பில் அதே வகை அணுக்கள் தழும்பாக இறுகிவிடுகின்றன. அந்தத் தழும்பும் வேறு சிலவும் நரம்பை எப்படித் தடுக்கின்றன என்பதைக் கீழே இன்னொருவருக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படி. வளர்வதைப் பார்க்க ஆசைப்பட்டுப் பல்லி வாலை அறுத்துவிடாதே. சேர்த்து வைத்த கொழுப்பு அதற்கு வாலில்தான் இருக்கிறது.

என் கணவர் பட்டறையில் வேலை பார்க்கிறார். அரவைச் சக்கரம் உடைந்து தெறித்து முழங்கைக்குப் பக்கத்தில் வெட்டியதில் நரம்பு அறுந்துவிட்டது. அன்றைக்கே தைத்தார்கள். நான்கு மாதமாகியும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தே கிடக்கின்றன. ஆபரேஷன் வீணாகிவிட்டதா?
– வாசகி, குமாரபாளையம்

நான்கு மாதத்தில் அப்படிச் சொல்ல முடியாதம்மா. அறுந்த நரம்பைத் தைத்தால் கரண்ட் வயரை முறுக்கிவிட்டது போல உடனே வேலை செய்யும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நரம்பு என்பது நரம்பணுக்களிலிருந்து நீளும் மெல்லிய இழைகளின் கட்டு. வெட்டுக்குக் கீழே, விரல் பக்கம் இருந்த இழை முழுவதும் சில நாளில் அழிந்துபோகும். 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்து முதலில் சொன்னது இது. அழியாமல் மிஞ்சுவது இழையைச் சுற்றியிருந்த உறைக்குழாய். அதற்குள் ஷ்வான் செல்கள் என்ற துணை அணுக்கள் வரிசையாக நின்று வழி அமைத்துக் கொடுக்கும். மேலே மிச்சமிருக்கும் இழை அந்த வழியைப் பிடித்துக்கொண்டு புதிதாக வளர்ந்து வர வேண்டும். டாக்டர் தைத்தது அந்தக் குழாயின் இரண்டு வாயையும் நேராகச் சேர்ப்பதற்குத்தான்.

வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து சுண்டு விரல் நுனி வரை ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள், நாற்பது சென்டிமீட்டர் வரும். அதாவது நானூறு நாள். இழை கிளம்புவதற்கே முதலில் சில வாரம் ஆகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அவருடைய நரம்பு முன்கையில் எங்கோ வந்துகொண்டிருக்க வேண்டும்.

வருகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நரம்பு போகும் பாதையில், கீழிருந்து மேலாக, விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சுண்டு விரல் பக்கமாகச் சுரீரென்று ஓடும். இழையின் நுனி அந்த இடம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்காக இதைப் பிரான்சில் டினெல் என்ற மருத்துவரும், எதிர்த்தரப்பான ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவரும் தனித்தனியாக 1915இல் எழுதினார்கள். இன்றும் அதுதான் வழக்கத்தில் இருக்கிறது. சுரீரென்று ஓடிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு, மணிக்கட்டிலிருந்து அது எத்தனை தூரம் என்று நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் போல நகர்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதமாகியும் அந்த இடம் நகரவே இல்லையென்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் உடனே போங்கள். போகட்டும், பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த தசைக்குப் பிறகு நரம்பு வந்தாலும் தேறுவது கஷ்டம்.

அதுவரை அந்த இரண்டு விரல்களையும் கண்தான் காப்பாற்ற வேண்டும். டீ டம்ளர், வண்டி சைலன்ஸர், வெல்டிங் துண்டு எது சுட்டாலும் அவருக்குத் தெரியாது. மூட்டு இறுகாமல் தினமும் விரல்களை நீட்டி மடக்கிவிடுங்கள்.

என் ஆய்வகத்தில் எலியின் பாதத்தை மையில் தோய்த்து நீளமான காகிதத்தில் நடக்கவிடுவோம். நரம்பை நசுக்கிய காலின் தடம் முதலில் விரல் எல்லாம் ஒட்டி ஒரே கோடாக விழும். மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒருநாள் ஐந்து விரலும் விரிந்து தடம் பதியும். எத்தனை முறை பார்த்தாலும் அன்றைக்கு மனம் நிறைந்துவிடும். உங்கள் கணவரின் விரல்களுக்கும் அப்படி ஒரு நாள் வரட்டும்.

என் தம்பி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று ஒரு கிளினிக்கில் ஆறு லட்சம் கேட்கிறார்கள். அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. விற்கலாமா?
– வாசகி, அரியலூர் மாவட்டம்

விற்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் காரணத்துக்கு வர முடியும்.

மேலே கை நரம்பு வளரும் என்று எழுதியிருக்கிறேன். அதே மனிதரின் தண்டுவடத்தில் அறுந்த இழை வளர்வதில்லை. ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹால் 1906இல் நோபல் பரிசு வாங்கியவர். நரம்பு அழிவதையும் வளர்வதையும் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1913, 14இல் வந்தது. வளர்ந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் எல்லாம் சாகலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்ற முடிவுக்கு வந்த அவர், இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் சேர்த்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். நான் படித்த காலத்திலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதை அசைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வு செய்த ஆல்பர்ட் அகுவாயோ. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. தண்டுவடத்து அணுவுக்கு வளரத் தெரியவில்லையா, அல்லது அது இருக்கும் இடம் வளரவிடவில்லையா? 1981இல் அவரும் சாமுவேல் டேவிட்டும் எலியின் காலிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள நரம்பை எடுத்தார்கள். ஒரு முனையை மூளையின் அடித்தண்டிலும், மறுமுனையை முதுகு நடுவில் தண்டுவடத்திலும் செருகினார்கள். கால் நரம்பின் பழைய இழை செத்துப்போய், குழாயும் ஷ்வான் செல்களும் மட்டும் மிஞ்சின. சில மாதம் கழித்துப் பார்த்தால், வளரவே மாட்டா என்று சொல்லப்பட்ட அணுக்களின் இழைகள் அந்தக் குழாய்க்குள் மூன்று சென்டிமீட்டர் வரை வளர்ந்திருந்தன!

மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அந்த இழைகள் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. அணுவில் குறையில்லை, இடத்தில்தான் தடை என்று அதில் தெரிந்தது. என் தொழில் வாழ்க்கையில் படித்த கட்டுரைகளில் அந்தச் சில பக்கங்களைத்தான் அதிகமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

அந்தத் தடை என்ன என்று தேடியவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து மார்ட்டின் ஷ்வாப். மூளை, தண்டுவடத்தின் இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையிலேயே வளர்ச்சியை நிறுத்தும் ஒரு புரதம் இருக்கிறது என்று 1988இல் காட்டினார். அதை அடைக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தபோது, 1990இல், எலியின் தண்டுவடத்தில் சில இழைகள் வெட்டைத் தாண்டி வளர்ந்தன. புரதத்துக்கு நோகோ என்று பெயர் வைத்தார்கள், போகாதே என்று பொருள். தடை அது ஒன்று மட்டுமில்லை. தழும்பில் சேரும் சர்க்கரைப் புரதங்களும் இழையை நிறுத்துகின்றன. அவற்றைக் கரைக்கும் நொதியால் எலிகள் தேறியதை 2002இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் காட்டினார்கள்.

எலியிலிருந்து மனிதருக்கு வர எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள். நோகோவை அடைக்கும் மருந்தை ஐரோப்பாவில் கழுத்துத் தண்டுவடம் காயப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு முறைப்படி கொடுத்துப் பார்த்து, முடிவை 2024 கடைசியில்தான் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்து வாங்கியவர்களுக்கும் வெறும் ஊசி வாங்கியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. காயம் முழுமையாக இல்லாமல் கொஞ்சம் இழை மிஞ்சியிருந்தவர்களில் கை அசைவு கூடியதற்கு அறிகுறி இருந்தது. அதுவும் காயம்பட்ட 28 நாளுக்குள் மருந்தைத் தொடங்கியவர்களுக்கு. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர்கள் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் விழுந்த உங்கள் தம்பியை ஒரு ஊசியில் நடக்க வைக்கிறோம் என்பவரை எதை வைத்து நம்புவது?

ஸ்டெம் செல் என்பது வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. மற்ற நோய்களுக்குப் பதிவு செய்த ஆய்வாக மட்டும் கொடுக்கலாம், ஆய்வுக்கு வருபவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அந்தக் கிளினிக்கில் ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தருகிறார்களா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை விற்று ஊசி போட்டது. பையன் கால் அசையவில்லை. பிறகு படுக்கைப்புண் வந்தபோது மெத்தை வாங்கக்கூடக் கையில் காசில்லை. அந்த அம்மா என்னிடம் அழுததை மறக்க முடியவில்லை.

நிலத்தை வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தம்பியைப் புரட்டிப் படுக்க வையுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும்போது அவரே கையை ஊன்றி அடிக்கடி எழும்பி உட்காரட்டும். புட்டத்திலும் குதிகாலிலும் சிவப்பு தெரிகிறதா என்று தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறுநீரை வேளைக்கு வேளை குழாய் விட்டு எடுக்கிறாரா? காய்ச்சலும் சிறுநீர்க் கலங்கலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இந்த நிலையில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புண்ணும் சிறுநீரகமும்தான். வேலூரில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, 1966இல் தொடங்கிய வேலூர் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். அங்கே ஒருமுறை தம்பியைக் காட்டுங்கள். சில லட்சம் இருந்தால் வீட்டுக் கழிவறை வாசலை அகலப்படுத்தி, சரிவுப்பாதை போட்டு, அவருக்கு உட்கார்ந்து செய்யும் தொழில் ஒன்றை அமைத்துக் கொடுக்கலாம்.

விபத்தில் தலையில் அடிபட்டவருக்குச் சோடா கொடுக்கிறார்களே, சரியா?
– வாசகர், விழுப்புரம்

கூடாது, தண்ணீரும் கூடாது. நினைவு மங்கியவருக்கு விழுங்கும் கட்டுப்பாடு இருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் தூக்கிப் போடுவது அதைவிட மோசம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அதுவரை தப்பியிருந்த தண்டுவடம் அந்தத் தூக்கலில் நசுங்கும். 108ஐக் கூப்பிடுங்கள், தலையும் கழுத்தும் திரும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வாந்தி வந்தால் மட்டும் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே நேராக ஒருக்களித்துத் திருப்புங்கள்.

நரம்புக் காயத்தை ஆராய்பவர்களே பார்கின்சன், மறதி நோய் பற்றியும் ஆராய்கிறார்களே. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

சம்பந்தம் இழையில் இருக்கிறது. வாலர் காலத்திலிருந்து எல்லோரும், வெட்டிய இழை சாப்பாடு கிடைக்காமல் வாடிச் சாகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1989இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹியூ பெர்ரி குழுவிடம் தற்செயலாக ஒரு வகைச் சுண்டெலி மாட்டியது. மற்ற எலிகளில் ஓரிரு நாளில் சிதையும் வெட்டுப்பட்ட இழை, அதில் இரண்டு வாரம் வரை உயிரோடு இருந்தது. பட்டினிதான் காரணமென்றால் இது எப்படித் தாங்கியது?

2012இல் அமெரிக்காவில் மார்க் ஃப்ரீமன் குழு பழ ஈயிலும் எலியிலும் பதிலைக் காட்டியது. சார்ம்1 என்ற ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் வெட்டிய இழை சாவதே தள்ளிப்போகிறது. அந்த மரபணு செய்யும் புரதம், இழையின் ஆற்றலுக்கு அடிப்படையான ஒரு பொருளைக் கிழித்துப்போடும் நொதி என்று பிறகு தெரிந்தது. அதாவது இழை தானாக வாடுவதில்லை, தன்னை அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. தலைக்காயத்தில் இழுபட்ட இழையும், சர்க்கரை நோயில் கால் எரியும் நரம்பும், நரம்புச் சிதைவு நோய்கள் பலவற்றில் அணு சாகும் முன்பே நுனியிலிருந்து பின்வாங்கும் இழையும் இதே வழியில் போகின்றனவா என்பதுதான் இப்போது பல ஆய்வகங்களின் கேள்வி. மேற்படிப்புக்கு ஒரு துறை தேடிக்கொண்டிருந்தால் இதைப் பாரம்மா. என் வயது இன்னும் முப்பது குறைவாக இருந்தால் நான் இதில்தான் இறங்கியிருப்பேன்.

அப்பாவுக்குப் பார்கின்சன். மாத்திரையோடு பூனைக்காலி விதைப் பொடியும் கொடுக்கலாம் என்கிறார்கள். ஜப்பானில் ஸ்டெம் செல் வைத்துக் குணமாக்குகிறார்கள் என்றும் படித்தேன். அரியலூர் வாசகிக்கு வேண்டாம் என்றால் இதுவும் வேண்டாமா?
– வாசகர், மன்னார்குடி

கடைசிக் கேள்வியை இங்கே நான்தான் சேர்த்தேன். மேலே உள்ளதைப் படித்தால் உங்களுக்கும் அது தோன்றும்.

பூனைக்காலியில் இருப்பது லெவோடோபா. அப்பா சாப்பிடும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதினார்கள். அது எதற்கு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இருபது வருடம் கழித்து ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்திச் செடியில் உள்ள ரெசர்பினைக் கொடுத்து முயல்களை அசைவில்லாமல் ஆக்கினார். லெவோடோபா ஊசி போட்டதும் அவை எழுந்து ஓடின. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமின் என்ற பொருளாக மாறுகிறது. மூளை அணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அந்த டோபமின் குறைவதுதான் அசைவை முடக்குகிறது என்று அங்கிருந்துதான் புரிய ஆரம்பித்தது. 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இரண்டு செடிகளும் நம் ஊர் மருந்துப் பெட்டியில் இருந்தவை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

ஆனால் பொடியும் மாத்திரையும் ஒரே மருந்து என்பதால், டாக்டருக்குத் தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் அளவு கூடிவிடும். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பதும் விதைக்கு விதை மாறும். கை கால் தானாக நெளிவது, இல்லாத ஆள் தெரிவது எல்லாம் அதனால் வரலாம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் டாக்டரிடம் டப்பாவோடு போய்க் கேளுங்கள்.

ஜப்பான் விஷயம் உண்மை. கியோட்டோவில் ஜுன் தகஹாஷி குழு, ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமின் அணுக்களை ஏழு பேரின் மூளையில் வைத்து, 2025 ஏப்ரலில் முடிவை வெளியிட்டது. பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை, அணுக்கள் பிழைத்து டோபமின் சுரந்தன, சிலருக்கு அசைவு தேறியது. ஏழு பேர்தான், இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும். அங்கே அது நடப்பதற்கும் முதுகில் நடக்காததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பார்கின்சனில் புது அணுக்களை டோபமின் தேவைப்படும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இழை நெடுந்தூரம் வளர்ந்து போக வேண்டிய அவசியம் இல்லை. தண்டுவடத்தில் தடையைத் தாண்டி அடி அடியாக வளர்ந்தால்தான் கால் அசையும். ஒரே பெயர் கொண்ட சிகிச்சை என்பதால் ஒன்றின் வெற்றியை இன்னொன்றுக்கு விளம்பரமாக்குகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

என் அம்மாவுக்கும் இந்த நோய்தான். மார்கழியில் வாசலடைக்கக் கோலம் போடுபவர். ஒரு வருடம் அதே பதினைந்து புள்ளிக் கோலம் பாதி வாசலுக்குள் முடிந்துவிட்டது. புள்ளிகள் வரிசைக்கு வரிசை நெருங்கிக்கொண்டே போயிருந்தன. வயசாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். பால் தீய்ந்த வாசனை அதற்கும் முன்பே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. கை நடுங்க ஆரம்பித்தது அதற்கடுத்த வருடம்தான். டோபமின் அணுக்களில் பாதியளவு அழிந்த பிறகே பெரும்பாலும் நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரிகின்றன. நரம்பு படித்த நானே அந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்பாவுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பருப்பு, முட்டை, பால் இவற்றின் புரதம் குடலில் லெவோடோபாவோடு போட்டி போடும். மாத்திரையை நீங்களாக ஒருநாளும் நிறுத்த வேண்டாம். ஒரு வாரம், கொடுத்த மணி, சாப்பிட்ட மணி, நன்றாக நடந்த நேரம், உறைந்து நின்ற நேரம் எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தத் தாளை அடுத்தமுறை டாக்டரிடம் காட்டுங்கள்.